இருதய நோய்: வேலூர், ஆம்பூர் வட்டாரம்

இருதயம் என்பது நெஞ்சுக்கூட்டின் நடுவே சற்று இடப்புறம் சாய்ந்து, இரு நுரையீரல்களுக்கும் இடையில் அமைந்துள்ள, மூடிய கைப்பிடி அளவே உள்ள தசையாலான உறுப்பு. வயது வந்தவரிடத்தில் இதன் எடை ஏறக்குறைய 300 கிராம். அன்பு, துக்கம், துணிவு ஆகிய யாவற்றுக்கும் உறைவிடமாக நெஞ்சையே சுட்டிப் பழகிய தமிழ் வழக்கில், இவ்வுறுப்புக்கும், அதைச் சூழ்ந்த மார்புக்கும், மனத்துக்கும் ஒரே சொல் பலகாலம் போதுமானதாக இருந்தமையால், நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருபவருக்கு நோய் இருதயத்திலா, இரைப்பையிலா, மனத்திலா என்று பிரித்தறிவதே வைத்தியரின் முதல் வேலையாகிறது.

இருதயத்துக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உண்டு. சரீரமெங்குமிருந்து திரும்பிவரும், பிராணவாயு குறைந்த இரத்தத்தை வலப்புற அறைகள் பெற்று நுரையீரலுக்கு அனுப்ப, அங்கே பிராணவாயு ஏற்றுக்கொண்டு மீளும் இரத்தத்தை இடப்புற அறைகள் வாங்கி, மகாதமனி வழியே உடல் முழுவதற்கும் செலுத்துகின்றன. ஓய்வாக இருக்கையில் நிமிஷத்துக்குச் சுமார் 72 துடிப்பு. துடிப்புக்கு 70 மில்லிலிட்டர். ஆக நிமிஷத்துக்கு 5 லிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. இரத்தம் இவ்வாறு சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் நிரூபித்தார். துடிப்பு பிறக்கும் இடம் வலது மேலறையிலுள்ள சிறு முடிச்சு என்பது கீத், ஃபிளாக் என்னும் இருவரால் 1907இல்தான் தெரியவந்தது.

இரத்தம் வந்த வழியே திரும்பாமல் காப்பவை நான்கு வால்வுகள். இவற்றுள் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியிருப்பது, வேலூரின் இருதய வைத்திய சரித்திரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வாயிலைத் திறந்துவிட்ட சரித்திரமாகவே இருப்பதனால் ஆகும். நலமான நிலையில் அவ்வாயில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். இதழ்கள் மெல்லியவையாயினும் உறுதியானவை. அவ்வுறுதியைத் தருவது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக அமைந்த ஊர்களின் தோல் பதனிடும் ஷாப்புகளில், ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு, மயிரும் சதையும் களைந்தபின் எஞ்சுவதும் அதே கொலாஜன்தான். அதன் மூவிழைச் சுருள் அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கண்டறிந்தபோது, அவர்களுடைய ஆராய்ச்சிக்கு அண்டை ஸ்தாபனமான மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் துணைநின்றது.

இவ்வட்டார மக்களின் ஈரிதழ் வால்வைக் கெடுத்தது முடக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் பத்துப் பேராக நெருங்கி வாழும் தெருக்களில், ஐந்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள சிறுவர் சிறுமியர்க்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டை வலி வருகிறது. அது தானே தணிந்துவிடும் என்று தாயார் உப்புநீர் கொப்பளிக்கச் செய்து விட்டுவிடுகிறார். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்காலும் கணுக்காலும் மாறிமாறி வீங்கிக் காய்கின்றன. கிருமியை எதிர்க்க எழுந்த உடற்காப்புச் சக்தி, கிருமியின் சாயல் கொண்ட உடல் திசுக்களையே, இருதயத்தையும் சேர்த்து, தாக்குவதால் விளைவது இது. மூட்டு வலி வடுவின்றி மறைய, வால்வின் இதழ்கள் மட்டும் ஓரங்களில் ஒட்டி, தடித்து, நாளடைவில் பொத்தான் துளைபோல் சுருங்கிவிடுகின்றன. மேலைநாடுகளில் இச்சுருக்கம் வெளிப்பட இருபது ஆண்டு ஆகுமென்று நூல்கள் கூற, நம் தேசத்தில் இருபது வயதுக்குள்ளாகவே முற்றிவிடுவதை 1963இல் டில்லி வைத்தியர்கள் எடுத்துக்காட்டினர். பெண்களுக்கு முதற் கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு நாற்பது ஐம்பது விழுக்காடு பெருகும்போது, அதுவரை மறைந்திருந்த நோய் திடீரென மூச்சுத்திணறலாக வெளிப்படும். தலைப்பிரசவத்துக்கு வந்த இடத்தில் இருதய நோயாளியானவர் பலர். தோல் ஷாப்புகளிலிருந்து பாலாற்று நீரில் கலந்த குரோமியமே எல்லா நோய்க்கும் காரணம் என்று ஊரில் சொல்வதுண்டு. அந்நீரைப் பற்றிய குறை நியாயமானதே, வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் பெருந்தீர்ப்பே வழங்கியிருக்கிறது. எனினும் வால்வுச் சுருக்கத்துக்கு வித்து தொண்டைக் கிருமியே.

வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை நிலையம், 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகவும் விருத்தியடைந்தது. அமெரிக்காவிலிருந்து 1948இல் வந்து சேர்ந்த ரீவ் பெட்ஸ் என்னும் மார்பு அறுவை நிபுணர், மறு ஆண்டிலேயே இந்தியாவின் முதல் மார்பு அறுவைப் பிரிவை இங்கு நிறுவினார். அந்நாளில் மார்பைத் திறப்பது பெரும்பாலும் க்ஷயரோகத்துக்காகவே. ஆனால் 1948ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பெய்லி, ஹார்க்கன் ஆகியோர் சுருங்கிய ஈரிதழ் வால்வைப் பிளந்து வெற்றி கண்டிருந்தமையால், அம்முறை வேலூருக்கும் விரைவில் வந்தது.

மூடிய வால்வு அறுவை எனப்படும் அச்சிகிச்சையின் எளிமை வியக்கத்தக்கது. இடது விலா எலும்புகளுக்கிடையே மார்பைத் திறந்து, இடது மேலறையில் காதுமடல்போல் நீண்டிருக்கும் பகுதியைச் சுற்றி, பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையின் வாயைப்போல் ஒரு தையல் இட்டு, அதன் நடுவே கீறி, சுட்டுவிரலை உள்ளே செலுத்துவர். இருதயம் துடித்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் நுனி ஒட்டிய ஓரங்களைத் தடவிக் கண்டு பிரித்துவிடும். இருதய-நுரையீரல் இயந்திரம் வேண்டாம், இரத்தம் அதிகம் வேண்டாம், செலவும் குறைவு. பணக்கார நாடுகள் இம்முறையைக் கைவிட்ட பிறகும் வேலூர் அதைக் கைவிடாதது பழமைப் பற்றினால் அன்று. வெளியே வராந்தாவில் காத்திருந்தவர் தொகை அத்தகையது. ஸ்டான்லி ஜானும் அவர் சகாக்களும் இங்கு இவ்வகையில் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் பிற்கால நிலையைத் தொகுத்து, 1983இல் ‘சர்க்குலேஷன்’ என்னும் அமெரிக்க இருதயவியல் ஏட்டில் வெளியிட்டனர்.

திறந்த இருதய அறுவைக்குக் கிப்பன் 1953இல் முதன்முதல் வெற்றியுடன் பயன்படுத்திய இருதய-நுரையீரல் இயந்திரம் இன்றியமையாதது. என். கோபிநாத் தலைமையில் 1961இல் இங்கு நடந்ததையே இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த அறுவையாக மருத்துவமனை வரலாறு குறிக்கிறது; பம்பாயிலும் அக்காலத்தில் இம்முயற்சி நடந்ததுண்டு.

பிளக்க முடியாதவாறு சுண்ணாம்பேறிய வால்வை நீக்கி வேறு வால்வு பொருத்துவர். மாட்டின் இருதய உறையைக் கொண்டு செய்யும் வால்வுகள் குளூட்டரால்டிஹைடு என்னும் திரவத்தில் பதப்படுத்தப்படுகின்றன. கொலாஜன் இழைகளுக்கிடையே கட்டுகளை உண்டாக்கி அழுகாமல் காப்பது அதன் தொழில். ஆவாரம்பட்டையும் குரோமிய உப்பும் தோல் ஷாப்பின் தொட்டியிலும் பீப்பாயிலும் செய்வதும் இதுவே என்பதால், அறுவைக்கூடத்தில் உள்ள அவ்வால்வு, கண்டிப்பாகச் சொன்னால், பதனிட்ட தோலின் நெருங்கிய உறவு. ஆயினும் இளையவர் உடலில் இது விரைவில் சுண்ணாம்பேறிக் கெடுமாதலால், அவர்களுக்கு உலோக வால்வும், ஆயுள் முழுவதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் விதிக்கப்படுகின்றன. திருவனந்தபுரத்தில் எம். எஸ். வலியத்தான் உருவாக்கி 1990இல் முதன்முறை பொருத்திய சித்திரா வால்வினால் இவ்வகை வால்வின் விலை கணிசமாகக் குறைந்தது.

சுருக்கத்தைப் பலூனால் விரிக்கும் முறையை ஜப்பானியரான இனோவே 1984இல் வெளியிட்டபின், கத்தியின் தேவையே அருகிற்று. நோயும் குறைந்தது: வேலூர் மாவட்டக் கிராமப்புறப் பள்ளிகளில் 2001-2002இல் 2,29,829 மாணவரைப் பரிசோதித்ததில், வால்வு நோய் ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவிலேயே இருந்தது. ஒருமுறை முடக்குக் காய்ச்சல் கண்டவர்க்கு மூன்று வாரத்துக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியைத் தவறவிடாமல் போடச் செய்வதே இன்னும் கடினமான பகுதி.

இப்போது மிகுந்திருப்பது மாரடைப்பு. இருதயத் தசைக்கே இரத்தம் தரும் தமனிகளில் கொழுப்புப் படிவதால் இது உண்டாகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், பீடி சிகரெட் ஆகியவை காரணங்கள். வேலூர் நகரிலும் கணியம்பாடி வட்டாரத்திலும் 1991-94இலும் 2010-12இலும் எடுத்த கணிப்புகள் சர்க்கரை நோயும் உடற்பருமனும் ஏறிவருவதைக் காட்டின.