உரிமத்துடன் ஏந்திய துப்பாக்கி: அவசரகால மலாயாவில் தோட்டக் காவலும் கேமரன் மலையும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றில் துப்பாக்கி பெரும்பாலும் இரண்டு இடங்களில் பேசப்படுகின்றது. ஒன்று, 1943 முதல் 1945 வரை தோட்டப்புற இளைஞர் பலர் பயிற்சி பெற்ற இந்திய தேசிய இராணுவம். மற்றொன்று, 1949இல் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியின் வழக்கு. இவ்விரண்டையும் பற்றிக் கட்டுரைகளும் நூல்களும் வெளிவந்துள்ளன. ஆனால் தோட்டத்து வேலையின் ஒரு பகுதியாகவே, அரசின் அனுமதியுடன் துப்பாக்கி ஏந்தியவர்கள் மூன்றாவது வகையினர். பங்களா வாசலில் நின்றவர், சம்பளப் பணத்துக்குத் துணையாகச் சென்றவர், இரவில் லயத்து வேலியைச் சுற்றி வந்தவர் ஆகியோர் நம் வரலாற்று எழுத்தில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெற்றாரில்லர்.

சட்டப்படி துப்பாக்கி ஏந்தி வேலை செய்த ஒருவர் காவல்துறையினரின் எதிரில் நிற்க நேர்ந்தபோது, தாம் சட்டத்தின் பக்கம் நிற்பவர் என்பதை எதைக் கொண்டு நிறுவ முடிந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தை மையமாகவும், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டப் பகுதியைக் களமாகவும் கொண்டு இவ்வினாவை நாம் அணுகுகின்றோம்.

மலையும் ஒற்றைச் சாலையும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த இம்மேட்டுநிலம், 1920களின் பிற்பகுதியில்தான் முறையாகத் திறக்கப்பட்டது. ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பேராக் மாநிலத்துத் தாப்பா நகரிலிருந்து மேலேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் மலையுச்சிக் குடியிருப்புகளை எட்டியது. காடு வெட்டவும் சரிவில் செடி நடவும் கொழுந்து பறிக்கவும் வந்தவர்களுள் தமிழர் பெரும்பகுதியினர். பிரிஞ்சாங்கை அடுத்துள்ள சுங்கை பாலாஸ், வடக்கே உள்ள புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயர்கள் இன்றும் அத்தமிழ்க் குடும்பங்களின் நினைவோடு பிணைந்தவை.

நம் பொருளுக்கு இன்றியமையாத நிலவியல் உண்மை ஒன்று உண்டு. கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் அதற்குச் செல்லும் வழி பேராக்கிலிருந்து தொடங்குகின்றது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய்ச் சாலை திறக்கப்படும் வரை, தாப்பாச் சாலையே மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான பொதுவழியாக இருந்தது. தேயிலைப் பெட்டிகள் இறங்கியதும் அரிசியும் சம்பளப் பணமும் ஏறியதும் அவ்வழியேதான். ஆகவே மலையிலிருந்து இறங்கிய காவலர் ஒருவர், வளைவுகள் நிறைந்த காட்டுச் சாலையில் பதுங்கித் தாக்குவோரை மட்டுமன்றி, மாநில எல்லையைத் தாண்டியதும் தம்மை அறியாத மற்றொரு மாநிலக் காவல்துறையினரையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

இத்தகைய சாலைகளின் ஆபத்து கற்பனையன்று. பகாங்கின் மற்றொரு மலைவாழிடமான பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில், 1951 அக்டோபர் 6ஆம் நாள், காவலர் துணையுடன் சென்ற உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மரணத்தை விதித்த விதி

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களுக்குள் மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த அவசரகால விதிகளுள் 4ஆவது விதி துப்பாக்கி பற்றியது. உரிமமின்றித் துப்பாக்கியையோ, சட்டப்படியான அதிகாரமின்றி வெடிமருந்தையோ வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று அது கூறியது. சுட்டாரா, சுட எண்ணினாரா என்ற வினாவுக்கு அதில் இடமில்லை. கையில் இருந்ததே குற்றம். துப்பாக்கி வைத்திருப்பவருடன் ஐயத்துக்குரிய வகையில் கூடியிருப்பதும் அடுத்த விதியின்படி மரண தண்டனைக்குரியதாயிற்று.

இவ்விதியின் கடுமைக்குக் காரணமும் இருந்தது. சப்பானிய எதிர்ப்புப் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது, படைக்கலங்கள் யாவும் திருப்பி ஒப்படைக்கப்படவில்லை. ஒரு பகுதி காட்டுக்குள் புதைந்து கிடந்தது. அவசரகாலத்தில் காட்டிலிருந்தோர் தங்கள் படைக்கலத் தேவையைக் காவல் நிலையங்களையும் தோட்டக் காவலர்களையும் தாக்கியே பெரிதும் நிறைவு செய்துகொள்ள முயன்றனர். எனவே, தோட்டத்தில் தொலையும் ஒவ்வொரு துப்பாக்கியும் காட்டில் கூடும் ஒரு துப்பாக்கி என்றே அரசு கருதியது.

இவ்விதி ஒரே பொருளை இருவகையாகப் பிரித்தது. ஒரே துப்பாக்கி, ஒருவர் கையில் ஊதியம் தரும் கருவி; அடுத்தவர் கையில் தூக்குக் கயிறு. இரண்டையும் பிரித்த கோடு ஒரு தாளில் எழுதப்பட்டிருந்தது. அத்தாளைக் காட்டி நிறுவும் பொறுப்பும் ஏந்தியவரையே சார்ந்திருந்தது.

தோட்டக் காவலர்கள்

1948இல் மலாயாவின் வழக்கமான காவல்துறையினர் ஏறத்தாழ 10 ஆயிரம் பேரே. நூற்றுக்கணக்கான தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க இது போதாது. ஆகவே சிறப்புக் காவலர் என்னும் பிரிவு அவசரமாக உருவாக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் அவர்தம் எண்ணிக்கை 20 ஆயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலோர் மலாய்க்காரர், தோட்டப்புறத் தமிழரும் அவர்களுள் இருந்தனர். தோட்டத்து வழக்கில் அவர்கள் 'எஸ்.சி.' என்றே அழைக்கப்பட்டனர். பின்னர், 1951 முதல் ஊர்க்காவல் படை விரிவாக அமைக்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதிக்குள் அதன் எண்ணிக்கை 2 இலட்சத்தைத் தாண்டிற்று.

இக்காவலர்களின் வேலை பல திறத்தது. துரையின் பங்களா, தொழிற்சாலை, பெரட்டுக் களம், முள்வேலியிட்ட லயம் ஆகியவற்றைக் காப்பது ஒருபுறம். காலையில் வேலைக்குச் செல்வோர் அரிசியோ உணவோ மறைத்துக் காட்டுக்குக் கொண்டு செல்கின்றனரா எனச் சோதிப்பது மறுபுறம். சோதிக்கப்பட்டவருள் சோதித்தவரின் உறவினரும் அண்டை வீட்டாரும் இருந்திருக்கக் கூடும். தோட்டச் சமூகத்தின் உள்ளே இது ஏற்படுத்திய பிளவு தனியே ஆராயத் தக்கது.

நாம் இங்குக் கருத வேண்டுவது இவர்களுடைய உரிமையின் தன்மையை. தொடக்க காலத்தில் புதுக்கிராம ஊர்க்காவலருக்குத் துப்பாக்கி காவல் நேரத்துக்கு மட்டுமே வழங்கப்பட்டது. முறை முடிந்ததும் அது காவல் நிலையத்துக்குத் திரும்பியது. ஓர் இரவுக்கு ஓர் ஆயுதம், விடிந்ததும் வெறுங்கை. சிறப்புக் காவலர் சீருடையும் எண்ணும் பெற்றவர்; எனினும் அவருடைய துப்பாக்கியும் அவர் பதவியைச் சார்ந்ததேயன்றி அவரைச் சார்ந்ததன்று. தோட்ட நிர்வாகி தம் பெயரில் உரிமம் பெற்றுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருந்ததோடு இதனை ஒப்பிடுக. நிர்வாகியின் உரிமை அவருடன் எங்கும் சென்றது. தொழிலாளியின் உரிமை வேலை நேரத்தோடும் காவல் எல்லையோடும் நின்றுவிட்டது.

இவ்வேறுபாடு சோதனைச் சாவடியில்தான் உருப்பெற்றது. 1948ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய தேசியப் பதிவின்படி 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. ஊரடங்கு நேரத்தில் நடமாடுவோரைச் சுடவும் 1949 சனவரியில் சேர்க்கப்பட்ட விதியின்படி தப்பியோட முயல்வோர் மீது உயிர்க்கொல்லி ஆயுதம் பயன்படுத்தவும் பாதுகாப்புப் படையினருக்கு வழி இருந்தது. இச்சூழலில் மலைச்சாலையின் பனிமூட்டத்தில் துப்பாக்கியுடன் நடந்துவரும் ஓர் உருவம் முதலில் ஐயத்துக்குரிய உருவமாகவே தோன்றியிருக்கும். சீருடை கண்ணில் படவேண்டும். அட்டை காட்டப்பட வேண்டும். அவரை இன்னார் என்று சொல்ல மேலாள் ஒருவர் இருக்க வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் அவர் காவலர்.

இரண்டு வழக்குகள்

இக்கோட்டின் மறுபக்கத்தில் நின்றோர் நிலையை இரண்டு தமிழர் வழக்குகள் நமக்குத் தெளிவாக்குகின்றன. இருவருமே உரிமம் பெற்றவரல்லர். எனினும் உரிமத்தின் பெறுமதியை அவ்வழக்குகளைவிடத் தெளிவாக உணர்த்தும் சான்று வேறில்லை.

இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிய எஸ். ஏ. கணபதி, 1948 ஜூனில் தடை செய்யப்பட்ட அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச்சு 1ஆம் நாள், சிலாங்கூரில் ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தில், ஒரு கைத்துப்பாக்கியுடனும் ஆறு தோட்டாக்களுடனும் கைதானார். அதனைக் கண்டெடுத்ததாகவும் காவல்துறையிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாகவும் அவர் கூறினார் என்பது வழக்கு பற்றிய செய்திகளில் பதிவாகியுள்ளது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இந்திய அரசு குறுக்கிட்டும் பயனில்லை. மே 4ஆம் நாள் அவர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதான நாளுக்கும் தூக்கு நாளுக்கும் இடையே 64 நாள்களே இருந்தன. அவருடைய கூற்று மெய்யா பொய்யா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. நாம் கவனிக்க வேண்டுவது வேறு. ஆயுதத்தை ஒப்படைக்கச் செல்பவரும் மறைத்துச் செல்பவரும் வழியில் பிடிபடும் கணத்தில் ஒரே தோற்றத்தில்தான் இருப்பர். அவருக்காகச் சொல்ல ஒரு நிர்வாகியும் இல்லை. காட்ட ஒரு தாளும் இல்லை.

இரண்டாவது வழக்கு சாம்பசிவம் என்பாருடையது. 1948 செப்டம்பரில் ஜொகூரில் நிகழ்ந்த ஒரு கைகலப்பில் படுகாயமுற்றுப் பிடிபட்ட அவர்மீது, துப்பாக்கி வைத்திருந்தமை, தோட்டா வைத்திருந்தமை என இரு குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. முதல் விசாரணையில் தோட்டா பற்றிய குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி பற்றி மறுவிசாரணைக்கு ஆணையிடப்பட்டது. மறுவிசாரணையில், இரண்டையும் தாம் வைத்திருந்ததாக அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் சான்றாக ஏற்கப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஒருமுறை விடுவிக்கப்பட்ட குற்றம் பற்றிய தீர்ப்பு பின்வரும் எல்லா நடவடிக்கைகளையும் கட்டுப்படுத்தும் என்றும், வாக்குமூலத்தின் ஒரு பகுதி அவ்வாறு பொய்யாகக் கொள்ளத்தக்கது என்பதை மதிப்பீட்டாளர்களுக்கு உணர்த்தாதது பிழை என்றும் அது கருதியது. பொதுச்சட்ட நாடுகளின் நீதிமன்றங்களில் இன்றளவும் எடுத்தாளப்படும் அத்தீர்ப்பு, ஒரு மலாயாத் தமிழரின் உயிரைக் காத்த தீர்ப்பென்பது நம் மாணவர்களுள் பலர் அறியாதது.

ஒரே விதி, ஏறத்தாழ ஒரே காலம். ஒருவருக்கு 64 நாள். மற்றவருக்கு இலண்டன் வரை சென்று திரும்பும் அவகாசம். சட்டம் தன் சொந்த நடைமுறைக்குக் கட்டுப்பட்டு நின்ற இடத்தில் உயிர் தப்பியது.

1960க்குப் பின்

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. அதன் துப்பாக்கிச் சட்டச் சிந்தனை முடிவுறவில்லை. 1960ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதிகளில் சட்டப்படியான அதிகாரமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மரண தண்டனையை நிலைநிறுத்தியதோடு, தக்க காரணத்தை நிறுவும் சுமையையும் அவர்கள்மேலேயே வைத்தது. அதே ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் என்றும் அனுமதி என்றும் இருவேறு நிலைகளை வகுத்தது. உரிமம் ஆயுதத்துக்கு உடையவருக்கு. அவர்பொருட்டு அதனை ஏந்திப் பயன்படுத்தும் வேலையாளுக்கு அனுமதி. அவசரகாலத் தோட்டத்தில் நடைமுறையாக இருந்த வேறுபாடு இங்கே சட்டத்தின் சொல்லாகவே அமைந்துவிட்டதைக் காண்கின்றோம். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டம் கடுமையை மேலும் கூட்டியது.

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனை 2023இல் ஒழிக்கப்பட்டு, தண்டனையைத் தேரும் அதிகாரம் நீதிபதியிடம் திரும்பியது. வங்கி வாசலிலும் பணவண்டியிலும் இன்று துப்பாக்கியுடன் நிற்கும் பாதுகாவலருக்கும் ஆயுதம் சொந்தமன்று. நிறுவனத்தின் தாளே அவருடைய காப்பு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஒன்று புலனாகின்றது. அவசரகாலத் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளியின் கைக்கு வந்த துப்பாக்கி அவருக்கு அதிகாரத்தைத் தந்ததைவிடப் பொறுப்பையே மிகுதியாகத் தந்தது. ஆயுதம் காட்டிலிருந்தோரின் இலக்காக அவரை ஆக்கியது. தாள் இல்லாத கணம் அரசின் இலக்காக ஆக்கியது. அவர் நல்லவரா, வேலையில் உண்மையுள்ளவரா என்பது அவரைக் காக்கவில்லை. அவருக்காகப் பேச யார் இருந்தனர் என்பதே காத்தது.

நம் வரலாற்றெழுத்து கூலியாகவும் போராளியாகவும் தமிழரைக் கண்டுள்ளது. காவலராகக் காணத் தயங்குகின்றது. காலனிய அரசுக்காக வேலிக்கு உள்ளே நின்றவரைப் பற்றிப் பேசுவது சங்கடமானதே. ஆனால் கணபதி நின்ற பக்கத்தையும் அவரை ஒத்த தோட்டத்தார் சிலர் சீருடையில் நின்ற பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அக்காலம் முழுமையாக விளங்கும். பிரிஞ்சாங், ரிங்லெட், தானா ராத்தா வட்டாரக் குடும்பங்களின் பெட்டிகளில் பழைய பணிச்சான்றோ, அடையாள அட்டையோ, சீருடைப் படமோ இருக்குமாயின், அவை ஒரு மனிதர் உயிரோடு வீடு திரும்பத் துணைநின்ற தாள்கள் என்பதை உணர்ந்து பேண வேண்டும். அவற்றைத் தொகுப்பது நம் துறை மாணவர்கள் மேற்கொள்ளத் தக்க பணியாகும்.