கென்யா கேட்டார், காகனகோட்டை கிடைத்தது

பத்து வருஷமாகத் தங்கமணி வைத்திருக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். கென்யா. மசாய் மாராவில் காட்டுமாடுக் கூட்டம் ஆற்றைத் தாண்டுவதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அது நிலுவையில் இருக்கிறது. 2025-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு நாலு பேருக்கு எக்ஸெல் ஷீட் போட்டேன். டிக்கெட், பார்க் கட்டணம், ஜீப், கூடாரம். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் உள்ளே இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். வெளிநாடு சுற்றினால் எல்.எஃப்.சி.க்கு வரிவிலக்கு கிடையாது என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் வேறு சொல்லிவிட்டது.

ஆகவே கபினி. பெங்களூரிலிருந்து மைசூர் வழியாக ஐந்து மணி நேரம். "விலங்கும் உண்டு, கலாச்சாரமும் உண்டு" என்று தங்கமணியைச் சமாதானப்படுத்தினேன். பேக்கேஜில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். காலையில் ஜீப் சஃபாரி, இரவு சாப்பாட்டுக்கு முன் பழங்குடி நடனம். சஃபாரிக்குத் தனிக் கட்டணம், நடனம் இலவசம்.

ஆணி கொஞ்சம் குறைவாக இருந்த வாரம். போகிற இடத்தைப் பற்றிப் படிப்போமே என்று உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க இந்த இரண்டு வரியும் ஒரே கதை என்று தெரிந்தது.

இன்று கபினி என்று நாம் சொல்லும் காட்டுக்குப் பழைய பெயர் காகனகோட்டை. கன்னட எழுத்தாளர் மாஸ்தி (வீட்டில் தமிழ் பேசியவர், ஞானபீடம் வாங்கியவர்) இதே பெயரில் காடு குருபர்களைப் பற்றி நாடகமே எழுதியிருக்கிறார். இங்கே யானை பிடிக்க ஹைதர் அலி முயன்று தோற்றாராம். இனி யார் முயன்றாலும் நாசமாய்ப் போகட்டும் என்று கல்லில் சாபம் வெட்டி வைத்தாராம். இதை எழுதி வைத்தவர் சான்டர்சன் என்ற வெள்ளைக்காரர், மைசூர் கால்வாய்த் துறை அதிகாரி. சாபத்தைப் பார்த்துப் பயப்படாமல் 1874-ல் சாமராஜநகர் பக்கம் கெட்டா போட்டு, ஒரே வேட்டையில் ஐம்பதுக்கு மேல் யானைகளைப் பிடித்துவிட்டார். 1878-ல் வந்த அவருடைய புத்தகத்தில் எனக்குப் பிடித்தது வீரசாகசம் இல்லை. செலவு எவ்வளவு, பிடித்த யானைகளின் மதிப்பு எவ்வளவு, அரசுக்கு லாபம் எவ்வளவு என்று மனுஷன் சுத்தமாகக் கணக்கு காட்டியிருக்கிறார் :-)

கெட்டா என்றால் அகழி வெட்டி, பெரிய மரங்களை நட்டு அமைத்த அடைப்பு. காட்டில் யானைக்கூட்டம் எங்கே இருக்கிறது என்று தடம் பார்த்துச் சொல்ல வேண்டும், தப்பிக்க விடாமல் நாள்கணக்கில் சுற்றி நின்று தீ மூட்டி, தம்பட்டம் அடித்து, அடைப்பை நோக்கித் தள்ள வேண்டும். பிறகு கும்கிகளோடு உள்ளே போய் ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். தடம் பார்த்தவர்கள் பெரும்பாலும் குருபர்கள், மாவுத்தர்களிலும் அவர்கள் உண்டு. 1889-ல் பிரிட்டிஷ் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் வந்தபோது இது விருந்தாளிகளுக்கான காட்சியாகவே ஆகிவிட்டது. பிற்பாடு கூட்டத்தைக் கபினி ஆற்றில் இறக்கி நீந்தவிட்டு அக்கரை அடைப்புக்குள் துரத்துவார்கள், விருந்தினர் மேடையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். யோசித்துப் பார்த்தால் நம் சஃபாரியின் தாத்தா இதுதான். 1937-ல் வந்த 'எலிஃபன்ட் பாய்' படத்தில் நடித்து ஹாலிவுட் வரை போன சாபு, இங்கே காராபுரத்து மாவுத்தன் மகன்.

கடைசி கெட்டா 1971-ல் நடந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1968-ல் பிடிபட்ட ஓர் ஆண் யானைதான் பின்னாளில் மைசூர் தசராவில் 750 கிலோ தங்க அம்பாரியை எட்டு வருஷம் சுமந்த அர்ஜுனா. 2023 டிசம்பரில் ஹாசன் பக்கம் காட்டு யானையைப் பிடிக்கும் வேலைக்குக் கூட்டிப்போனபோது, ஒரு காட்டு யானையோடு மோதி இறந்தது. மாவுத்தர் கதறி அழுததை டிவியில் பார்த்திருப்பீர்கள். பிடிபட்டதும் காட்டில், செத்ததும் காட்டில். நடுவில் 55 வருஷ சர்வீஸ்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நமக்குப் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா. ஜூலை மாதம் கபினி நிரம்பினால் உபரி நீர் கே.ஆர்.எஸ். பக்கம் போகாமல் நேரே மேட்டூருக்கு வந்துவிடும். அப்பாவிடமிருந்து போன் வரும், "கபினில தொறந்துட்டானாம்டா." எங்கள் வீட்டு நெல்லில் கபினிக்குப் பங்கு உண்டு. அந்த அணை 1974-ல் கட்டி முடிந்தபோது பல கிராமங்களும் காட்டுக் குடியிருப்புகளும் தண்ணீருக்குள் போயின. பழைய கெட்டா மைதானமும் போனது. சில வருஷங்களுக்கு முன் ஆபீஸ் நண்பர்களோடு அங்கே போயிருந்தேன். அன்று ஆடிய பெரியவர் ஒருவரிடம், என் அரைகுறைக் கன்னடத்தில் "யாவ ஊரு?" என்று கேட்டேன். வாயால் பதில் சொல்லவில்லை. கையை நீட்டி அணைத் தண்ணீரைக் காட்டினார்.

1980-ல் கர்நாடக அரசு நேபாளத்து டைகர் டாப்ஸோடு சேர்ந்து ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. மகாராஜாவின் காராபுரம் வேட்டை பங்களா சுற்றுலா விடுதியானது. 1988-ல் 643 சதுர கிலோமீட்டர் நாகரஹொளே தேசியப் பூங்கா ஆனது. 1990களின் கடைசியில் ஜேனு குருபர்களை உள்ளிருந்து ஹுணசூர் பக்கம் நாகபுரத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். அதே பத்தாண்டில் ஒரு பெரிய ஹோட்டல் கம்பெனிக்குப் பூங்காவுக்குள்ளேயே விடுதி நடத்த இடம் குத்தகைக்கு விடப்பட்டது. தேன் எடுப்பவன் வெளியே, ஏசி ரூம் உள்ளே! பழங்குடியினர் கோர்ட்டுக்குப் போனார்கள், 1997-ல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. இந்தப் பதிவில் எனக்குச் சந்தோஷம் தரும் ஒரே வருஷம் அதுதான்.

புலிக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆட்கள் போன இடத்தில் மான் பெருகுகிறது, புலி பெருகுகிறது, உண்மைதான். ஆனால் காலை ஆறு மணிக்கு டீசல் ஜீப்பில் நான் போகலாம், அங்கேயே பிறந்தவர் போகக்கூடாது என்பதற்குக் கணக்கு எழுதச் சொன்னால் எந்தத் தலைப்பில் எழுதுவேன்?

2025 மே மாதத்தில் சுமார் 50 ஜேனு குருபர் குடும்பங்கள் வன உரிமைச் சட்டத்தைச் சொல்லி, நாகரஹொளேக்குள் தங்கள் பழைய ஊர் கரடிக்கல்லுக்குத் திரும்பி வந்து குடிசை போட்டன. நவம்பரில் காட்டோரக் கிராமங்களில் அடுத்தடுத்து விவசாயிகள் புலி தாக்கி இறந்ததால், நாகரஹொளே, பந்திப்பூர் இரண்டிலும் சஃபாரியை அரசு நிறுத்தியது. நாங்கள் போட்டிருந்தது டிசம்பர் புக்கிங். கேன்சல்.

பணம் திரும்பி வந்த அன்றே தங்கமணி, "பேசாம அந்த கென்யா ஷீட்டைத் திறங்க" என்றார். திறந்தேன். மூன்றாம் நாள், மசாய் கிராமம், நடனம்.

"அவங்களையும் இப்படித்தான் அனுப்பினாங்களாப்பா?" என்றாள் மகள்.

1904-ல் ஒரு தடவை, 1911-ல் இன்னொரு தடவை, வெள்ளைக்காரன் ஒப்பந்தம் போட்டு நகர்த்தினான் என்றேன். ஷீட் இன்னும் மூடவில்லை.