தலையில் பட்ட காயமும் மாறிப்போன குணமும்: நரம்பியல் உளமருத்துவரிடம் எப்போது போவது?

அச்சுவேலியில் எங்கள் ஒழுங்கையிலேயே செல் துண்டையோ சன்னத்தையோ உடம்பில் சுமந்தபடி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். கையிலும் காலிலும் பட்ட காயம் எல்லோருக்கும் தெரிகிறது. தலையில் பட்ட காயமோ தழும்போடு முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம்.

எனது அத்தான் 2009 இல் வன்னியில் தலையில் காயப்பட்டவர். பல வருடங்கள் சுகமாகவே இருந்தார். பிறகு, கதைத்துக்கொண்டிருக்கும்போதே திடீரென வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புவார், சட்டைப் பொத்தானைத் தடவுவார். இரண்டு நிமிடத்தில் தெளிந்ததும், நடந்தது எதுவும் தெரியாது என்பார். உறவினர்களில் சிலர் பேய் என்றார்கள், சிலர் மனக்குழப்பம் என்றார்கள். வைத்தியர் அதை வலிப்பு என்றார். கைகால் இழுக்காமலும் வலிப்பு வரும். தலைக்காயம் பட்டுப் பல வருடங்களுக்குப் பின்னும் அது தொடங்கலாம்.

மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர் நரம்பியல் வைத்தியர். மனச்சோர்வு, பதகளிப்பு, மனச்சிதைவு போன்றவற்றைப் பார்ப்பவர் உளமருத்துவர். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு குணம், நினைவு, உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றில் வெளிப்படும்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே நரம்பியல் உளமருத்துவர். உளவளத்துணையாளர் இவர்களிலிருந்து வேறுபட்டவர். அவர் கதைத்து ஆற்றுப்படுத்துவார், மருந்து எழுதமாட்டார்.

போரைக் கண்ட எங்களுக்கு இந்தப் பிரிவு முக்கியம். கெட்ட கனவு, சத்தம் கேட்டால் திடுக்கிடுதல், நடந்தது மீண்டும் கண்முன் வருதல் ஆகியவை மனவடுவின் அறிகுறிகள். எரிச்சல், மறதி, நித்திரையின்மை ஆகியவை மனவடுவிலும் வரும், மூளைக் காயத்திலும் வரும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். கேள்விகள் கேட்டும், நினைவையும் கைகால் அசைவையும் சோதித்தும், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை, ஈ.ஈ.ஜி., ஸ்கான் எடுத்தும் வைத்தியர் அவற்றைப் பிரித்தறிவார். ஈ.ஈ.ஜி. சரியாக இருப்பதை மட்டும் வைத்து வலிப்பு இல்லை என்று முடிவுசெய்ய முடியாது.

எப்போது போகவேண்டும்?

• தலைக்காயத்துக்குப் பிறகு குணம் மாறினால்: அமைதியானவர் கைநீட்டுபவராகவோ, சுறுசுறுப்பானவர் எதிலும் பற்றற்றவராகவோ ஆனால்.
• வெறித்துப் பார்த்தல், சற்றுநேரம் தன்னை மறத்தல் திரும்பத் திரும்ப வந்தால்.
• வலிப்பு, பக்கவாதம், பாக்கின்சன் நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு வந்தாலோ, இல்லாததைக் கண்டாலோ.
• மறதி கூடி, பழகிய வழியே தவறினால்.

சிலவற்றுக்குக் கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டால், பேச்சுக் குழறி ஒருபக்கம் சோர்ந்தால், முதியவருக்குத் திடீரென அறிவு தடுமாறினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துடன் கதைக்கலாம், தனியே இருக்கவேண்டாம்.

நரம்பியல் உளமருத்துவர் என்ற பெயர்ப்பலகையைத் தேடிக் கொழும்புக்கு ஓடத்தேவையில்லை. முதலில் அச்சுவேலி பிரதேச வைத்தியசாலையில் காட்டுங்கள். அங்கிருந்து தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ கடிதம் வாங்கிப் போகலாம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

போகும்போது நடந்ததை நேரில் கண்ட ஒருவரைக் கூட்டிச்செல்லுங்கள். நோயாளிக்கு அது நினைவிராது. கைத்தொலைபேசியில் எடுத்த ஒளிப்பதிவு இருந்தால் மிகவும் உதவும். பழைய துண்டுகள், பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்த வருடம் தலையில் அடிபட்டது, எவ்வளவு நேரம் நினைவிழந்தார் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். உடம்பில் உலோகத் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும். அதன் காந்தம் துண்டை அசைக்கக்கூடும்.

சந்நிதியானுக்கு நேர்த்தி வையுங்கள். அது மனதுக்குத் தெம்பு. ஆனால் நேர்த்தி வைத்தோம் என்று வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். நின்ற வலிப்பு கடுமையாகத் திரும்பும்.

'விசர்' என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனையோ வீடுகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. குணம் மாறிய மனிதரைக் குற்றம் சொல்லமுன், அவருடைய தலையில் எப்போதாவது காயம் பட்டதா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.