பாலிகன்: ஒரு வளர்ச்சித் திட்டத்தின் வரலாறு

பாலிகன், இந்தியர்கள் தொடங்கிய திறமூல பிளாக்செயின் வலைப்பின்னல். ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் ஆகியோர் 2017-இல் மேட்டிக் என்ற பெயரில் இதைத் தொடங்கினர். செர்பியாவைச் சேர்ந்த மிஹைலோ பியெலிச் பின்னர் இணை நிறுவனரானார். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் நெரிசலும் கட்டணமும் ஏறியதே இதன் பிறப்புக்குக் காரணம்.

இதன் அமைப்பு விருதுநகர் வணிகருக்கு எளிதில் பிடிபடும். நாள் முழுதும் நடக்கும் வரவு பற்று சிட்டையில் விழும். பிறகு பேரேட்டில் ஏறும். இங்கே ‘போர்’ என்ற அடுக்கு சிட்டைபோல் விரைந்து எழுதுகிறது. ‘ஹெய்ம்டால்’ என்ற அடுக்கு, எழுதியவற்றின் முத்திரையை மட்டும் அவ்வப்போது எத்தீரியம் என்ற பேரேட்டில் பதிக்கிறது. பின்னால் எவராவது சிட்டையைத் திருத்தினால் முத்திரை ஒத்துவராது.

முதன்மை வலை 2020-இல் இயங்கத் தொடங்கியது. 2021 பிப்ரவரியில் பெயர் பாலிகன் ஆனது. ஒரே சங்கிலி என்ற திட்டம், பல சங்கிலிகளின் கூட்டமாக விரிந்தது. தரவை வெளிக்காட்டாமலே கணக்குச் சரி என நிறுவும் கணிதச் சான்றுகளின்மேல் நம்பிக்கை வைத்து, அதே ஆண்டில் ஹெர்மெஸ், மிர் ஆகிய இரு முயற்சிகளை மொத்தம் 65 கோடி டாலர் மதிப்பில் வாங்கினர்.

அந்த ஆண்டு டிசம்பரில்தான் பெரிய சோதனை வந்தது. நன்னோக்குள்ள ஆய்வாளர் ஒருவர் ஒப்பந்த நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டு தெரிவித்தார். வலையின் மொத்தமுள்ள 1,000 கோடி மேட்டிக் நாணயங்களில் 927 கோடி அதன் வழியே போயிருக்கலாம். டிசம்பர் 5 அன்று ஓசையின்றி வலை மாற்றப்பட்டது. அதற்குள் 8,01,601 நாணயங்கள் திருடுபோயின. விவரம் மாதக் கடைசியில்தான் வெளிவந்தது. எல்லாரும் பார்க்கத் திறந்த நிரலில் அடைப்பு வேலையை மட்டும் மறைத்தது ஏன் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் திருடருக்கு வழிகாட்டியதாகியிருக்கும். அவர்கள் செய்தது சரியே.

2022-இல் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து ஏட்டாப்பள்ளியில் சாதிச் சான்றிதழ்கள் பாலிகனில் பதியப்பட்டன. ஊக வணிகப் பேச்சுக்கிடையில் மறந்துபோகும் இந்தப் பயன்பாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வலை மாற்றங்களுக்கு ஊர்ப் பெயர் வைப்பது இவர்கள் வழக்கம்: டெல்லி, இந்தூர், அகமதாபாத், பிலாய். 2023 ஜனவரி 17-இல் வந்த ‘டெல்லி’, போர் அடுக்கில் ஒரே தயாரிப்பாளர் தொடர்ந்து 64 பரிமாற்றத் தொகுதிகள் எழுதலாம் என்றிருந்ததை 16 ஆகக் குறைத்தது. எழுதியது அழிந்து மாறும் தொல்லையைக் குறைப்பதே நோக்கம். 2024 செப்டம்பர் 4 முதல் மேட்டிக் நாணயம் ‘போல்’ ஆக மாறத் தொடங்கியது.

கணிதச் சான்றை நம்பி 2023 மார்ச்சில் திறந்த தனிச் சங்கிலியை 2026-இல் மூடுவதாக 2025-இல் அறிவித்தனர். அவ்வளவு செலவிட்ட பாதையைக் கைவிடுவதாகப் பகிரங்கமாகச் சொல்ல மனத்துணிவு வேண்டும். 2025 ஜூலையில் ‘பிலாய்’ மாற்றமும் ஹெய்ம்டாலின் இரண்டாம் பதிப்பும் வந்தன. ஒரு பரிமாற்றம் உறுதிப்பட ஒன்றிரண்டு நிமிடம் ஆனது சுமார் 5 நொடியாகச் சுருங்கியது. செப்டம்பர் 10-இல் ஒரு பிழையால் அந்த உறுதிப்பாடு 10 முதல் 15 நிமிடம் வரை தாமதமாக, உடனே மற்றொரு மாற்றம் செய்து சரிசெய்தனர்.