பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சி

பிலிப்பைன்ஸ் தீவுகளில் தொலைக்காட்சியின் ஜனனமே அரசியல் குடும்பம் ஒன்றில்தான் நிகழ்ந்தது. 1953 அக்டோபர் 23 அன்று, ஜனாதிபதி எல்பிடியோ கிரினோவின் சகோதரர் அந்தோனியோ கிரினோ, மணிலாவை அடுத்த சான் ஹுவானில் தம் இல்லத்தில் அளித்த தோட்ட விருந்தே முதல் ஒளிபரப்பாயிற்று. தேர்தல் பிரசாரத்துக்கு அனுகூலமாகும் என்று கருதித் தருவித்த அச்சாதனம், பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரேயாதலால், அடுத்த மாதம் மக்சாய்சாயிடம் ஜனாதிபதி அடைந்த படுதோல்வியைத் தடுக்க உதவவில்லை.

பின்னர் லோப்பஸ் குடும்பத்தின் கைக்கு வந்து, ஏபிஎஸ்-சிபிஎன் என்ற பெயரில் வளர்ந்த அந்தோனியோவின் ஒளிபரப்பு ஸ்தாபனத்தை, 1972-இல் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்த ஜனாதிபதி மார்க்கோஸ் மூடுவித்தார். குழந்தைகளின் பொழுதுபோக்கும் அவருடைய ஆட்சிக்குத் தப்பவில்லை: கொடுங்கோல் சாம்ராஜ்யத்தை எதிர்த்துப் போரிடும் 'வோல்ட்டஸ் ஃபைவ்' என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், 1979-இல், முடியச் சில வாரங்களே இருக்கையில் தடை செய்யப்பட்டது. வன்முறை என்று காரணம் சொன்னார்கள். சொல்லாத காரணத்தை ஊகிக்க ஜனங்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. 1986 பிப்ரவரி 25 அன்று மார்க்கோஸ் மீண்டும் பதவிப் பிரமாணம் செய்துகொள்ளும் வைபவம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே கிளர்ச்சிப் படையினர் அதைத் துண்டித்துவிட, அன்றிரவே அவர் தேசத்தை விட்டு வெளியேறினார்.

சமூகத்தின்மீது தொலைக்காட்சியின் ஆழ்ந்த செல்வாக்கு பாஷையில் புலப்படுகிறது. செபுவானோவும் இலோகானோவும் பேசும் மாகாணங்களுக்குத் தகாலோக் பாஷையைக் கொண்டு சென்றதில், பள்ளிக்கூடத்துக்குச் சற்றும் குறையாத பங்கு தொலைக்காட்சித் தொடர்களுக்கு உண்டு. 1996-இல் நாட்டையே மயக்கிய 'மரிமார்' என்னும் மெக்ஸிகோத் தொடரும் அப்பாஷையில்தான் பேசிற்று. 1979 முதல் நடைபெறும் 'ஈட் புலாகா' போன்ற மதிய நிகழ்ச்சிகளோ, பாட்டும் பரிகாசமும் பரிசுப் பணமும் கலந்து, ஏழைகளின் நம்பிக்கைக்கே ஒரு நேரம் குறித்துக் கொடுத்தன. அந்நம்பிக்கையின் கோரமுகம் 2006-இல் தெரிந்தது: 'வவ்வாவீ' நிகழ்ச்சியின் ஆண்டுவிழாவுக்காக பாசிக் நகர அரங்கின் வாயிலில் காத்துக்கிடந்த கூட்டம் நெரிந்ததில் எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திரையில் பழகிய முகத்துக்கு வாக்களிப்பதும் வழக்கமாகி, செய்தி வாசிப்பாளர் நோலி தெ காஸ்த்ரோ 2004-இல் உப ஜனாதிபதியானார்.

2020-இல், ஜனாதிபதி துத்தெர்த்தேயின் ஆட்சியில், மார்க்கோஸுக்குப் பின் மீண்டும் இயங்கிவந்த ஏபிஎஸ்-சிபிஎன், உரிமம் காலாவதியாகி மறுபடியும் மூடப்பட்டது; புதுப்பிக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபைக் குழு 70-க்கு 11 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அதன் மதிய நிகழ்ச்சியான 'இட்ஸ் ஷோடைம்', 2024 முதல், பரம வைரியாயிருந்த ஜிஎம்ஏ நிலையத்திலேயே ஒளிபரப்பாகலாயிற்று.