எருமை நாக்கு: ஒரு மீன்பெயரின் வரலாறு

முல்லைத்தீவுக் கடற்கரையிலே கரைவலை இழுக்கப்படும்போது, துள்ளும் சூடைக்கும் காரலுக்கும் அடியில் தட்டையான மீனொன்று அசைவின்றிக் கிடப்பதுண்டு. ஒரு புறம் பழுப்பு; மறுபுறம் பெரும்பாலும் வெண்மை; இரு கண்களும் ஒரே பக்கத்தில். நாக்கு மீன் எனப் பொதுவாக வழங்கப்பெறும் இவ்வகையைச் சார்ந்த பெரிய மீனொன்றுக்குத் தமிழ்க் கடலோடிகள் இட்ட பெயர் எருமை நாக்கு. அப்பெயர் ஐரோப்பிய விலங்கியலுட் புகுந்த வரலாறு நம்மவருட் பலர் அறியாதது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேர்லின் நகர மருத்துவரான மார்க்கஸ் புளொக் உலக மீன்களைத் தொகுத்து ஆராய்ந்தார். தரங்கம்பாடியிலிருந்து அவருக்கு மீன்களை அனுப்பியவர் கிறிஸ்தோப் சாமுவேல் யோன் என்னும் மதகுரு. புளொக் 1799இல் மறைந்தபின், அவரது நூலை ஷ்னைடர் என்பார் நிறைவு செய்து 1801இல் வெளியிட்டார். அந்நூலில் இம்மீன் ‘எருமெய்’ என்னும் இனப்பெயருடன் இடம்பெற்றது. நாக்கு உதிர்ந்து எருமை மட்டும் இலத்தீனிற் கரையேறியது வேடிக்கையே! பின்னாளில் சாதிப்பெயர் செற்றோடிஸ் என மாறியபோதும் எருமை மாறவில்லை. மீன்களை அனுப்பிய யோனின் பெயரைப் புளொக் வேறொரு மீன் சாதிக்குச் சூட்டிச் சிறப்பித்தார். மீனைப் பிடித்து, அதன் பெயரையும் சொல்லிக் கொடுத்தவர் எவரென்பதை நூல் கூறவில்லை.

இம்மீன் செங்கடல் தொட்டு யப்பான், வட அவுஸ்திரேலியா வரை, ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்துக்குட்பட்ட சேற்றுத் தரையிலும் மணற்றரையிலும் வாழ்வது. தட்டை மீன்கள் யாவும் குஞ்சுப் பருவத்தில் ஏனைய மீன்களைப் போல நிமிர்ந்தே நீந்துவன. கண்களும் பக்கத்துக்கொன்றாகவே இருக்கும். வளருங்கால் ஒரு கண் தலையைக் கடந்து மறுபுறம் சேர, மீன் பக்கவாட்டிற் படுத்துவிடுகிறது.

இக்கண்ணே பெரும் விவாதமொன்றுக்கு வித்திட்டது. பாதிவழி நகர்ந்த கண்ணால் உயிருக்கு என்ன பயன் என 1871இல் மிவார்ட் வினவினார். டார்வின் தமது நூலின் 1872ஆம் ஆண்டுப் பதிப்பில் விடையிறுத்தார். ஆயினும் இடைநிலைச் சான்று எதனையும் அவரால் காட்ட இயலவில்லை. இத்தாலியில் அகப்பட்ட ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுப் பழமையுடைய உயிர்ச்சுவடுகளில், பாதிவழியே நகர்ந்த கண் உண்டென 2008இல் ஃபிறீட்மன் நிறுவினார். உயிரோடிருப்பனவற்றுள் அந்நிலைக்கு அண்மையில் நிற்பது எருமை நாக்கின் சாதியே. அதன் நகர்ந்த கண் தலையின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. முதுகுச் செட்டையும் ஏனைய தட்டை மீன்களிற்போலத் தலைமீது படர்வதில்லை. சிலவற்றுக்குக் கண்கள் வலப்புறம், சிலவற்றுக்கு இடப்புறம்.

வன்னிக் கரையோரத்திலே எந்த இடத்திற் சேறு, எந்த இடத்திற் மணல், எங்கே வலை பாறையிற் சிக்கும் என்பன தந்தையிடமிருந்து மைந்தன் கற்பவை. ஏட்டில் எழுதப்படுபவை அல்ல. 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டம் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலேயே நிகழ்ந்தது. அக்கரையோர ஊர்கள் முற்றாக வெறுமையாகின. மீண்டு வந்தோர் தொழிலைத் தொடங்கியபோது, இழுவைப் படகுகள் கடற்றரையை வாரிச் செல்வதைக் கண்டனர். சேற்றிற் படுத்து வாழும் மீனுக்கு அவ்வலையிலிருந்து தப்பும் வழி அரிது. அடித்தள இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடை செய்தது. அதன் பின்னரும் அப்படகுகள் வருவதாக வடபகுதி மீனவர் முறையிட்டு வந்துள்ளனர்.