கிலோகிராம் என்னும் சொல்லும் அது சுட்டிய பொருள்களும்

கிலோகிராம் என்பது இரண்டு கிரேக்க வேர்களைக் கொண்டு பிரெஞ்சு மொழியில் ஆக்கப்பட்ட கூட்டுச்சொல். முற்பகுதி ஆயிரம் என்னும் எண்ணைக் குறிப்பது; பிற்பகுதி, ‘எழுதப்பட்டது’, ‘எழுத்து’ என்று பொருள்பட்ட ‘கிராம்மா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தைக் குறித்த அச்சொல் பிற்காலத்தில் அவுன்சின் 24இல் ஒரு பங்காகிய சிற்றெடைக்கும் பெயராகி, அப்பொருளிலேயே இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குச் சென்றது.

புரட்சிக்கால பிரான்ஸ் முதலில் தேர்ந்த பெயர் இதுவன்று. ஒரு கன டெசிமீட்டர் நீரின் எடைக்கு 1793ஆம் ஆண்டுச் சட்டம், ‘கனமானது’ என்னும் இலத்தீன் சொல்லடியாக, ‘கிராவ்’ என்று பெயரிட்டது. 1795 ஏப்ரல் 7ஆம் நாள் சட்டம் அதைக் கைவிட்டு, உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தூய நீரின் எடையைக் ‘கிராம்’ என வகுத்து, அதையே அடிப்படையாகக் கொண்டது. அவ்வளவு சிறிய எடைக்கு உலோகத்தில் நம்பகமான படிக்கல் செய்வது அரிது. ஆகையால் அதன் ஆயிரம் மடங்குக்கே கல் செய்யப்பட்டது. இன்றைய பன்னாட்டு அலகு முறையின் ஏழு அடிப்படை அலகுகளுள் இது ஒன்று மட்டும் பெயரிலேயே ஒரு மடங்குச் சொல்லைச் சுமந்திருப்பதன் காரணம் இதுவே. 1799இல் பாரிசின் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்ட பிளாட்டினக் கிலோகிராமுக்காக நீரை அளந்த இருவருள், லெஃபெவ்ர்-ஜினோ பிரெஞ்சுக்காரர், ஃபாப்ரோனி ஃபிளாரன்ஸ் நகரத்தவர். அளவையைப் பொதுவாக்க வேண்டுமானால் அளப்பவரும் பல நாட்டவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றியிருந்தது.

அவ்வெண்ணம் உடன்படிக்கை வடிவம் பெற்றது 1875 மே 20இல். அன்று 17 நாடுகள் பாரிசில் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அருகிலுள்ள செவ்ர் என்னும் ஊரில் பன்னாட்டு எடை அளவைப் பணியகத்தை நிறுவின. 90 விழுக்காடு பிளாட்டினமும் 10 விழுக்காடு இரிடியமும் கலந்த, உயரமும் விட்டமும் ஏறத்தாழ 39 மில்லிமீட்டரான உருளை ஒன்று 1889இல் மூலக் கிலோகிராமாக ஏற்கப்பட்டது. அதன் படிகள் உறுப்பு நாடுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் பகிரப்பட்டன. 1957இல் உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியாவுக்குரிய 57ஆம் எண் படி புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ளது.

கிலோகிராம் அளப்பது எடையையா, நிறையையா என்ற தெளிவு சற்றுப் பிந்தியே வந்தது. உடன்படிக்கை நாடுகள் 1901இல் கூட்டிய எடை அளவைப் பொதுமாநாடு, அது பொருளின் நிறைக்கு அலகு என்றும், எடை என்பது புவியீர்ப்பால் விளையும் ஒரு விசை என்றும் வரையறுத்தது. தமிழில் இவ்வேறுபாடு இருவேறு வகையில் வழங்குகிறது: தமிழ்நாட்டுப் பாடநூல் நிறை என்று குறிப்பதை இலங்கைப் பாடநூல் திணிவு என்கிறது, அங்கே நிறை என்பது எடையையே குறிக்கும். பழைய சொல்லாட்சி இலங்கையின் பக்கமே நிற்கிறது. தொல்காப்பியத்தில் நிறை என்பது நிறுத்தறியும் அளவையாகும். அந்நூல் அளவைப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது என வகுத்து, அவற்றுள் ககரத்தை முதலில் வைக்கிறது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து பழைய எடைகளான பலத்தையும் வீசையையும் அகற்றிக் கடைத்தெருவில் குடியேறிய கிலோ, தற்செயலாகவேனும் அந்த விதிக்குள் அடங்கிவிட்டது.

செவ்ரின் உருளை மூன்று சாவிகள் சேர்ந்தாலன்றித் திறவாத பெட்டகத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த கண்ணாடிக் குடுவைகளுக்குள் இருந்தது. ஒப்பிடுவதற்காக வெளியே எடுக்கும்போது, ஈதரும் ஆல்ககாலும் தோய்ந்த மெல்லிய தோலால் அதைத் துடைத்து, இருமுறை வடித்த நீரின் ஆவியில் கழுவினர். இத்தனை காப்பிருந்தும், 1990ஐ ஒட்டி முடிந்த மூன்றாம் ஒப்பீட்டில், நூறாண்டுகளில் படிகளுக்கும் மூலத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு விளைந்திருந்தது தெரிந்தது. மாறியது எது என்று கேட்கவும் வழியில்லை. வரையறையின்படி மூல உருளை மாற முடியாதது. அறிவியலின் நேர்மைக்கு இது பொறுக்கத்தக்க நிலை அன்று.

இதற்கான வழியை பிரிட்டனின் பிரையன் கிப்பிள் 1975இல் காட்டியிருந்தார். அவர் பெயரால் வழங்கும் தராசில், காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருளில் பாயும் மின்னோட்டத்தின் விசை எடையைத் தாங்குகிறது. அந்த மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கையின் மாறா அளவோடு இணைத்து அளக்கலாம். 2018 நவம்பர் 16இல் வெர்சாயில் கூடிய பொதுமாநாடு அம்மாறிலியை 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி என நிலைப்படுத்தி, கிலோகிராமை அதன்மேல் அமைத்தது. முடிவு 2019 மே 20இல், உடன்படிக்கை கையெழுத்தான அதே நாளில், நடைமுறைக்கு வந்தது.

இனி எந்த நாடும் உரிய கருவி கொண்டு கிலோகிராமைத் தானே ஆக்கிக்கொள்ளலாம். எனினும் ஆய்வகங்கள் தனித்தனியே ஆக்கியவற்றை ஒப்பிட்டபோது அவை போதிய அளவு ஒன்றுபடவில்லை. ஆகவே முடிவுகளைச் சேர்த்துக் கணித்த பொது மதிப்பு ஒன்றை 2021 பிப்ரவரி முதல் அனைவரும் பின்பற்றுகின்றனர். ஓய்வுபெற்ற உருளையை வைத்தே அது சொல்லப்படுகிறது: முதற் கணிப்பில் உருளை ஒரு கிலோகிராமைவிட 2 மைக்ரோகிராம் குறைவாக இருந்தது, 2023 மார்ச்சில் வந்த அடுத்த கணிப்பில் அக்குறைவு 7 மைக்ரோகிராம் ஆயிற்று.